தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒழுகல்: மூன்று தடவை பட்டறைக்குப் போயும் நிற்கவில்லை

பத்துசக்கரம் (ஞாயிறு, காலை 6:40)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 25 டன் பத்துசக்கரம், 2012 மாடல். இன்ஜின் 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆறு சிலிண்டர். இருப்பது இந்த ஒரு வண்டிதான், ஓட்டுவதும் நான்தான். நாமக்கல்லில் இருந்து போகும்போது ஜவ்வரிசி மூட்டை, வரும்போது கர்நாடகாவில் தாவணகெரே பக்கம் இருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம்.

மூன்று மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. ஆரம்பத்தில் ஒரு நடைக்கு அரை லிட்டர்தான். இப்போது கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் முன்பக்கம், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வந்து சேருகிற இடத்தில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுகிற தெர்மோஸ்டாட்டின் கூடு) இருக்கிறது அல்லவா, அதற்குக் கீழே சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு இறங்கியிருக்கிறது.

முதலில் போன பட்டறையில் வாட்டர் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் பம்பை மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. இரண்டாவது தடவை ஹவுசிங் போல்ட்டை இறுக்கி அனுப்பினார்கள், நான்கு நாள் நின்றது. மூன்றாவது தடவை சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி இன்னும் இறுக்கினார்கள். அதற்கப்புறம்தான் அதிகமாகிவிட்டது. போன வாரம் தொப்பூர் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொடப் போய், ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றேன். இப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள்.

அடுத்த லோடு வெள்ளிக்கிழமை. அதற்குள் நானே உட்கார்ந்து செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர் (ஞாயிறு, காலை 8:15)

தம்பி, ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். பம்பை மாற்றின பணம் வீணானதே அது பார்க்காததால்தான். இந்த இன்ஜினில் ஹவுசிங் மேலே இருக்கிறது, பம்ப் அதற்குக் கீழே. மேலே கசிகிற தண்ணீர் பம்பின் மேல் வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் அடித்துப் பரப்பும். ஓடி வந்து நின்ற வண்டியைப் பார்த்தால் எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். பம்ப் உண்மையிலேயே போயிருந்தால் அதன் அடியில் இருக்கிற சிறு துளை வழியாகச் சொட்டும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்று இன்ஜின் நன்றாக ஆறின பிறகு ஹவுசிங், ஹோஸ், பம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். அதன் மேல் முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியை எடுக்காமல் ராத்திரி அப்படியே விட்டு, காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். அப்புறம் ஸ்டார்ட் செய்து சூடாக விட்டு இன்னொரு தடவை பாருங்கள். சில ஒழுகல் ஆறினால்தான் வரும். உலோகமும் ரப்பரும் சுருங்கி இடைவெளி திறக்கும், சூடானால் மூடிக்கொள்ளும். ஓடும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு அது அகப்படவே அகப்படாது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகின நொடியில் ஒரு பங்கு ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும். என்னோடு வேலை செய்த பையன் ஒருவன் கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சேலம் லோடு (ஞாயிறு, காலை 10:02)

அண்ணே, நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வண்டியிலும் இதே இன்ஜின்தான். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மூன்று வருஷமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? குளிர் தேசத்துக்காக வைத்தது என்றுதான் எங்கள் பக்கம் எல்லா டிரைவர்களும் சொல்கிறார்கள்.

பழைய ஸ்பானர் (ஞாயிறு, மதியம் 1:30)

இந்தப் பேச்சை 35 வருஷமாகக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் எத்தனை இன்ஜின் இதனால் சீக்கிரம் தேய்ந்து, பிரித்து வேலை பார்க்க இறக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்னக் கதவு. அதன் நடுவில் இருக்கிற குப்பிக்குள் மெழுகு. சூட்டில் மெழுகு உருகி விரிந்து கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். இந்த இன்ஜினில் 83 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து 95 டிகிரியில் முழுதாகத் திறந்துவிடும்.

மூடியிருக்கும்போது தண்ணீர் நின்றுவிடுவதில்லை. ஹெட்டில் இருந்து பைபாஸ் வழியாக நேரே பம்புக்குத் திரும்பி, இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கதவு திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும்போது, அதே தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் பைபாஸ் வாயை மூடிவிடும். ஒரு வழி திறக்கத் திறக்க மற்றது அடைபடும். இரண்டு வேலையும் அந்த ஒரு துண்டு செய்கிறது.

அதைக் கழற்றிப் போட்டால் என்ன ஆகும்? பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். பம்ப் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல், சூடாகவே திரும்பி இன்ஜினுக்குள் போகும். சமதளத்தில், அரை லோடில் இது தெரியாது. முழு லோடோடு ஏற்றத்தில், வெயிலில், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது காட்டிவிடும். குளிரட்டும் என்று எடுத்ததே அங்கே கூடுதலாகச் சூடாக்கும்.

சமதளத்திலோ நேர் எதிர். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு ஏறாமலே ஓடும். டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் ஆயில் தொட்டியான சம்ப்பில் இருக்கிற ஆயிலை இளக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும். டீசல் செலவும் கூடும். சேலம் தம்பி, உங்கள் வண்டியில் காலையில் வெள்ளைப் புகை எத்தனை நேரம் வருகிறது, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நீங்கள் கெட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

பத்துசக்கரம் (திங்கள், காலை 6:05)

பவுடர் போட்டுப் பார்த்தேன். பம்ப் காய்ந்துதான் இருக்கிறது. ஒழுகல் இரண்டு இடத்தில்.

ஒன்று, ஹவுசிங் ஹெட்டில் உட்காருகிற விளிம்பில், கீழ்ப் பக்கம். சிலிக்கானுக்கு அடியில் இருந்து நூல் மாதிரி ஈரம். இரண்டாவது, ஹோஸ் மாட்டுகிற கழுத்து. கிளிப்புக்குப் பின்னால் இருந்து சொட்டு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்து கால் மணி நேரத்தில் இரண்டும் நின்றுவிட்டது. ஆறினால்தான் வருகிறது என்று நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது ஐயா.

இன்னொன்றும் கவனித்தேன். கால் மணி நேரம் ஓடியும் சூட்டு முள் பாதிக்குக் கீழேயே நின்றது. முன்பு இப்படி இருந்ததில்லை.

லேத் பட்டறை (திங்கள், காலை 9:20)

நான் லேத் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு ஹவுசிங் வேலையாவது வந்துவிடும், அதனால் சொல்கிறேன். திரும்பத் திரும்ப இறுக்கின ஹவுசிங்கின் முகம் (ஹெட்டில் உட்காருகிற பக்கம்) நேராக இருக்க வாய்ப்பு குறைவு. அலுமினியம் போல்ட் பக்கத்தில் அமுங்கி, நடுவில் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க நடு இடைவெளி பெரிதாகும். உங்களுக்கு இறுக்கின பிறகு அதிகமானதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். அலுமினிய ஹவுசிங், இரும்பு போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் போல்ட் தண்டு ஹவுசிங் துளையோடு வெள்ளை மாவு மாதிரி பூத்துப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை விட்டு வையுங்கள். கழற்றும்போது கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி வாருங்கள். ஒரே மூச்சாக இழுத்தால் முறியும். முறிந்துவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். ட்ரில்லை எடுக்காதீர்கள்.

பத்துசக்கரம் (செவ்வாய், மதியம் 12:45)

ஒன்று முறிந்துவிட்டது அண்ணே.

காலையில் பேட்டரி ஒயரைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்தேன். தண்ணீரா அது, செங்கல் சூளைத் தண்ணீர் மாதிரி சிவந்து கிடந்தது. பெல்ட்டை எடுத்து, ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைத் தளர்த்தி ஒதுக்கினேன். இரண்டு போல்ட் நல்லபடியாக வந்தது. மூன்றாவது கால் சுற்று வந்து, பசை மாதிரி இழுத்தது. அந்த இழுவை கையில் தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். டப் என்று தலை மட்டும் ஸ்பானரோடு வந்துவிட்டது.

ஹவுசிங்கை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்துவிட்டேன். முறிந்த தண்டு ஹெட் முகத்துக்கு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது.

லேத் பட்டறை (செவ்வாய், மதியம் 1:10)

நீட்டிக்கொண்டிருந்தால் கவலையே வேண்டாம். 8 மில்லி போல்ட்டுக்கு 8 மில்லி நட் ஒன்றை அந்தத் தண்டில் போட்டு, நட்டின் துளைக்குள் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூடே மரையில் இருக்கிற துருவை உடைத்துவிடும். சிவப்பு மங்கி, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே ஸ்பானர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். வந்துவிடும்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரோடு ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங்கின் எர்த் ஒயரை ஹெட்டிலேயே, பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஹெட்டின் தண்ணீர்த் துளையில் துணி அடைத்து, அதன் மேல் தகடு ஒன்றை மறைப்பாக வையுங்கள். பொறி விழுந்து துணி பற்றக் கூடாது.

பத்துசக்கரம் (செவ்வாய், இரவு 8:30)

வந்துவிட்டது. முதல் நட் பிய்ந்துகொண்டது, இரண்டாவது நட்டில் வந்தது. மரை நன்றாக இருக்கிறது. மரை வெட்டுகிற டாப் விட்டுச் சுத்தம் செய்து, புது போல்ட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தேன். கதவுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவில் சிலிக்கான் பேஸ்ட் ஒரு நாடா மாதிரி, சுண்டு விரல் நீளத்துக்குச் சிக்கியிருக்கிறது. வெளியே அப்பினது உள்பக்கமாகப் பிதுங்கி, அறுந்து போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கதவு முழுதாக மூடவே இல்லை. முள் ஏறாததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. தண்ணீரும் குறைந்து, கதவும் சிக்கி, அப்படியே தொப்பூர் ஏறியிருக்கிறேன்.

ஹவுசிங் கழுத்தைக் கழுவிப் பார்த்தால், ஹோஸ் உட்காருகிற இடத்தில் கறையான் அரித்த மாதிரி பள்ளம் பள்ளமாக இருக்கிறது. நகம் வைத்தால் நகம் உள்ளே போகிறது. இதன் மேல் பேஸ்ட் தடவி ஹோஸை மாட்டினால் நிற்குமா?

பழைய ஸ்பானர் (செவ்வாய், இரவு 9:15)

நிற்காது. ஒரு மாதம் நிற்கும், லோடோடு ஏதாவது ஒரு நள்ளிரவில் ஹோஸ் கழன்று போகும். முகம் வளைந்திருந்தால் தேய்த்துச் சரி செய்யலாம், ஆனால் கழுத்து அரித்துப்போன ஹவுசிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். புது ஹவுசிங், தெர்மோஸ்டாட், அதன் ரப்பர் சீல், ஹவுசிங்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங், மேல் ஹோஸ், இரண்டு கிளிப், போல்ட். எல்லாம் சேர்த்தும் பம்பை வீணாக மாற்றின செலவுக்குள் வந்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், வெடித்திருந்தால் அதே எண் போட்ட மூடியாக வாங்குங்கள். அழுத்தம் பிடிக்காத மூடி இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.

கழுத்து அரித்தது போர் தண்ணீரால். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டில் குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை அலுமினியத்தில் சூடாக ஓட விட்டால் வேறு என்ன ஆகும்? கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட்டில் துருப் பிடிக்காமல் காக்கிற மருந்து கலந்திருக்கிறது. நாம் அதை வாங்குவது அதற்காகத்தான், உறைபனிக்காக அல்ல. கீழே சிந்தினால் உடனே கழுவி விடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

மாட்டும் முன்னால் ரேடியேட்டரையும் பிளாக்கையும் நல்ல தண்ணீர் விட்டு, வெளியே தெளிவாக வரும்வரை கழுவுங்கள். சிலிக்கான் துண்டு இன்னும் எங்காவது இருக்கலாம்.

பல்லடம் டீசல் (புதன், காலை 7:00)

ஒரு சந்தேகம். சூடேறி நின்ற வண்டி என்கிறீர்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்து, சிலிண்டர் அழுத்தம்தான் ஹவுசிங் வழியாகத் தள்ளுகிறதோ?

பழைய ஸ்பானர் (புதன், காலை 7:40)

நல்ல கேள்வி, இதைப் பார்க்காமல் மூடக் கூடாது. இப்போது தெர்மோஸ்டாட் வெளியில் இருக்கிறது, பெல்ட்டும் கழற்றியிருக்கிறது, சோதிக்க இதுதான் சமயம். மேல் ஹோஸ் இல்லாமல் ஹவுசிங்கை மட்டும் வைத்து, கழுத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களை மாட்டி ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் பாருங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரி அறையின் வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு காற்றுக் குமிழி வந்து நின்றுவிட்டால் பயமில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பத்துசக்கரம் (புதன், மாலை 5:20)

நாலைந்து குமிழி வந்தது, அப்புறம் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

சாமான் எல்லாம் வாங்கிவிட்டேன். புது தெர்மோஸ்டாட்டை எப்படிச் சோதிப்பது?

லேத் பட்டறை (புதன், மாலை 6:00)

பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். அடியைத் தொடக் கூடாது, தொட்டால் அடுப்புச் சூடு நேரே ஏறிக் கணக்குத் தப்பும். பக்கத்திலேயே தெர்மாமீட்டர். கதவு இடுக்கில் நூலைச் செருகித் தொங்க விடுவது எங்கள் பட்டறைப் பழக்கம். திறக்க ஆரம்பித்ததும் தானாகவே நூலை விட்டு விழும், அந்த டிகிரியைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹெட் முகத்தில் ஒட்டின பழைய பேக்கிங்கை பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். கிரைண்டரில் எமரி மாட்டி உராயக் கூடாது, நிமிஷத்தில் குழி விழுந்துவிடும். புது ஹவுசிங் முகத்தையும் நேரா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் 0.10 மில்லி தகடு எந்தப் பக்கமும் நுழையக் கூடாது என்பது என் கணக்கு. பேக்கிங் போட்டால் பேஸ்ட் வேண்டாம். முகம் நேராக இருந்தால் வெறும் பேக்கிங்கே பிடிக்கும்.

இறுக்குவது 24 நியூட்டன் மீட்டர். இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். முதலில் எல்லாப் போல்ட்டையும் கையால், அப்புறம் பாதி அளவு, அப்புறம் முழு அளவு, மாற்றி மாற்றி. முழு அளவு வந்ததும் கை இன்னும் கொஞ்சம் போகச் சொல்லும். போகாதீர்கள். வீல் நட் இறுக்கிப் பழகின கைக்கு 24 என்பது இறுக்காத மாதிரியே இருக்கும்.

பத்துசக்கரம் (வியாழன், இரவு 9:50)

முடிந்தது. அடுப்பில் வைத்தபோது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். 82, 83 வந்ததும் நூல் நழுவி விழுந்தது. என் பெண் கைதட்டினாள். தகட்டில் 83 என்றுதான் பொறித்திருக்கிறது. பழையதையும் சிலிக்கானை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன், கொதிக்கிற தண்ணீரிலும் பாதிதான் திறந்தது.

ஹோஸ் மாட்டி, கூலன்ட் கலந்ததை மெதுவாக ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் குளுக் குளுக் என்று காற்று வந்துகொண்டிருந்தது. மூடியைப் போடாமல் ஐடிலில் விட்டு, கேபின் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்தேன். தண்ணீர் நிலை இறங்கினபோதெல்லாம் ஊற்றி, இறங்குவது நின்றதும் மூடியைப் போட்டேன். மேல் ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லென்று இருந்து, திடீரென்று கை வைக்க முடியாத அளவு சூடாகிவிட்டது. கதவு திறந்த நேரம் அது. கையில் அதை உணர்ந்தது தனிச் சந்தோஷம்.

பழைய ஸ்பானர் (வியாழன், இரவு 10:15)

புது ஹோஸ் ஒரு தடவை சூடாகி ஆறினதும் கொஞ்சம் அமுங்கும். காலையில் கிளப்பும் முன் கிளிப்பைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்குங்கள். கேபினில் ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட் வையுங்கள். வழியில் ஓட்டல் குழாயில் பிடித்து ஊற்ற வேண்டாம்.

சேலம் லோடு (சனி, மாலை 4:30)

ஸ்பானர் ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை இருக்கிறது, ஆயில் அளவும் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. ஊற்றாமலே கூடியிருக்கிறது. காலைப் புகை பத்து நிமிஷம் ஆகியும் நிற்பதில்லை. தெர்மோஸ்டாட் போட்டால் மட்டும் போதுமா, ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பானர் (சனி, மாலை 5:05)

ஆயிலையும் ஃபில்டரையும் முதலில் மாற்றுங்கள், அந்த ஆயிலோடு லோடு ஏற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் போட்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு திரும்பவும் ஏறினால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரையும், டேங்கில் இருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பையும் சந்தேகப்பட வேண்டும். ஏறவில்லை என்றால் இன்ஜின் குளிர்ந்து ஓடினதுதான் காரணம்.

பத்துசக்கரம் (திங்கள், காலை 7:15)

தாவணகெரே போய் வந்துவிட்டேன். கிளம்பும் முன் ஹோஸ் கிளிப் அரைச் சுற்று ஏறியது. தொப்பூர் ஏற்றத்தில் முள் நடுவில் நின்றது, கொஞ்சம் ஏறி மறுபடி நடுவுக்கே வந்தது. வரும் வழியில் சோள மூட்டையோடு ஒரு தடவையும் நிறுத்தவில்லை. இன்று காலை ஆறின இன்ஜினில் மறுபடி பவுடர் தூவி வைத்திருந்ததைப் பார்த்தேன், எங்கும் நனையவில்லை. ரேடியேட்டரில் நூறு மில்லி இறங்கியிருந்தது, உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கும் என்று நினைக்கிறேன். கேபினில் இருந்த கேனில் இருந்து ஊற்றி நிரப்பிவிட்டேன்.